கோச்சுக்குச் சொல்லாத செய்தி

எனக்கு இங்கிலிஷ் ஓரளவு விளங்கும் என்பதை, வேலை செய்த வீடுகளில் நான் யாருக்கும் சொல்லாமல்தான் இருந்தேன். ஊரில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. எழுத்துக்கூட்டி வாசிப்பேன், இலக்கம் எழுதுவேன். மற்றதெல்லாம் காதால் வந்தது. சுவிசுக்கு வந்து துப்புரவு வேலைக்குப் போன வீடுகளில் வெளிநாட்டுக்காரர் நிறையப் பேர். அவர்கள் தங்களுக்குள் இங்கிலிஷில்தான் கதைப்பார்கள். கேட்டுக் கேட்டு எது கோபம், எது பகிடி, எது கொழுவல் என்று பிடிபட்டுவிட்டது. வாயைத் திறக்கத்தான் வெட்கம். டொச்சில், அதுதான் அங்கத்தைய ஜெர்மன் பாஷையில், “விளங்கவில்லை” என்று சொல்ல இரண்டே இரண்டு சொல். யார் என்ன கேட்டாலும் அதைச் சொல்லிவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்து நின்றே பல வருடம் உழைத்தேன். அதனால் ஒரு மனிதருக்கு நான் செய்ததை இப்போது எழுதுகிறேன். எழுதக் கை கூசுகிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் சுவிசில் சூக் என்ற ஊரில் இருந்தோம். ஏரிக்கு மேலே சரிவில் பெரிய கண்ணாடி யன்னல்கள் வைத்த ஒரு மாடிவீட்டில், செவ்வாயும் வெள்ளியும் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை எனக்கு வேலை. வீட்டுக்காரி ஒரு அமெரிக்கப் பெண். நாற்பது வயதுக்கு மேல், கலியாணம் செய்யவில்லை, கம்பனி ஒன்றில் பெரிய பதவி. அவரோடு தகப்பனும் இருந்தார். எழுபது கடந்தவர். மனைவி செத்தபிறகு அமெரிக்காவில் தனியே விட மனமில்லாமல் மகள் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தத் தகப்பனை எல்லாரும் கோச் என்றே கூப்பிட்டார்கள். என்னையும் அப்படியே கூப்பிடச் சொன்னார்.

கோச்சுக்குத் தெரிந்த டொச் எனக்குத் தெரிந்த அளவுதான். இருவரும் ஆளுக்கு ஐம்பது அறுபது சொல்லை வைத்துக்கொண்டு கதைத்தோம். நான் பிழையாகச் சொன்னால் அவருக்குத் தெரியாது, அவர் பிழையாகச் சொன்னால் எனக்குத் தெரியாது. அதனால் அந்த வீட்டில்தான் நான் முதல்முதலாக வாயைத் திறந்தேன்.

ஒருநாள் பழைய படங்கள் ஒட்டிய கொப்பி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். இளவயதுப் பொடியன் ஒருவன் முகத்தில் கம்பிக்கூடு மாட்டிக்கொண்டு குந்தியிருந்தான். அது அவர்தான். பேஸ்போல், என்றார். படத்தில் கம்பு பிடித்து நிற்பவனைப் பார்த்ததும் எங்கள் பள்ளிக்கூடங்களில் விளையாடும் எல்லேதான் எனக்கு நினைவு வந்தது. பந்தைக் கம்பால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடுகிற விளையாட்டு. அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், தரை துடைக்கும் தடியைத் தூக்கி அடித்துக்காட்டி, மேசையைச் சுற்றி நாலடி ஓடியும் விட்டேன். பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. முகமெல்லாம் சூடாகிப் போயிற்று. அவர் சிரிக்கவில்லை. கதிரையை விட்டு எழும்பி, எனக்குப் பின்னால் மெல்லக் குந்தி, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிப்பதுதான் அவருடைய தொழில். குந்தியவரைத் தூக்கிவிட நான் பட்டபாடு போதும் போதும் என்றாகிவிட்டது.

ஆறு வருடம் சம்பளத்துக்கு விளையாடியவர். அதில் ஐந்து வருடம் சின்னச் சின்ன ஊர்களுக்கு பஸ்ஸில் போய்வருகிற அணிகளில். ஒரே ஒரு கோடைகாலம் பெரிய அணியில். அங்கேயும் முக்கால்வாசி நாள் வாங்கில் இருந்ததுதான் என்று, கதிரையில் கைகட்டி இருந்து காட்டினார். வேகமான பந்துகள் பட்டுப் பட்டு முறிந்து பொருந்திய வலது கை விரல்கள் இஞ்சிக் கிழங்கு மாதிரி இருக்கும். முழங்கால் போனதும் அந்த விளையாட்டு முடிந்தது. அதன்பிறகு ஒரு கல்லூரியில் ஃபுட்போல் பழக்கும் வேலை கிடைத்தது. இது எங்கள் பொடியள் காலால் உதைக்கிற பந்து இல்லை. உரிக்காத தேங்காய் மாதிரி ஒரு பந்தைக் கக்கத்துக்குள் இடுக்கிக்கொண்டு, தலையில் கவசம் போட்டு, ஆளை ஆள் முட்டி விழுத்துகிற விளையாட்டு. நான் மினுக்கிவைத்த கரண்டிகளை மேசையில் பரப்பி, எந்தப் பொடியன் எங்கே நிற்பான் என்று காட்டுவார். இருபத்தேழு வருடம் அந்த வேலை செய்தாராம். பேஸ்போலைப் பற்றிச் சொல்லும்போது சிரிப்பார். ஃபுட்போலைச் சொல்லும்போது குரல் பதிந்துவிடும்.

அந்தப் படக்கொப்பியில் ஒரு பக்கத்தை மட்டும் அவர் வேகமாகத் திருப்புவார். கவசத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாயெல்லாம் பல்லாய் நிற்கும் ஒரு பொடியனின் படம். அவன் யார் என்று மகள்தான் சொன்னார். ஒரு வெள்ளிக்கிழமை நேரத்தோடு வந்தவர், படுக்கை விரிப்புகளை என்னோடு சேர்ந்து மடித்தபடி, நிதானமான டொச்சில் சொன்னார். அந்தப் பொடியனுக்கு ஒரு காலில் நோவு இருந்தது. வருடத்தின் கடைசி ஆட்டம். தகப்பன் அவனை இறக்கினார். கால் முறிந்தது. முறிந்ததென்றால், பிறகு அவன் வாழ்நாளில் ஓடவில்லை. விளையாட்டால் கிடைத்த இலவசப் படிப்பும் போய், எங்கேயோ ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். முப்பது வருடமாகத் தகப்பன் ஒவ்வொரு மார்கழியும் அவனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். ஒன்றுக்கும் மறுமொழி இல்லை. அவனோடு ஒருமுறை வாயால் கதைத்துவிட வேண்டும், தகப்பனுக்கு மிச்சமிருக்கிற ஆசை அது ஒன்றுதான் என்றார் மகள்.

அந்தக் கடிதங்கள் எனக்குத் தெரியும். நான் அங்கே வேலைசெய்த இரண்டு மார்கழியும் மஞ்சள் தபாற்பெட்டியில் கொண்டுபோய்ப் போட்டது நான்தான். உறையை என் கையில் தரும்போது அந்தப் பெயரைச் சொல்லித்தான் தருவார், ஒரு பிள்ளையை ஒப்படைப்பது மாதிரி.

மூன்றாம் வருடம் இளவேனிலில் கோச்சுக்கு மாரடைப்பு வந்தது. இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். ஒரு பரபரப்பும் கூடாது, மத்தியானம் கட்டாயம் படுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னதாக மகள் என்னிடம் இரண்டுதரம் சொன்னார்.

அவர் வீட்டுக்கு வந்து அடுத்த செவ்வாய்க்கிழமை. கோச் உள்ளே படுத்திருந்தார். நான் உடுப்பு இஸ்திரி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. வழக்கமாக நான் எடுப்பதில்லை. அன்றைக்கு, அடித்து அடித்து அந்த மனிதரை எழுப்பிவிடப் போகிறதே என்றுதான் எடுத்தேன்.

வயதான ஒரு பெண்ணின் குரல். இங்கிலிஷ். நான் மறுமொழி சொல்ல முன்னமே அந்தப் பெயரைச் சொன்னார். தான் அவனுடைய அக்கா என்றார். தம்பி ஆஸ்பத்திரியில், புற்றுநோய், இன்னும் சில நாட்கள்தான் என்று டொக்டர்மார் கைவிரித்துவிட்டார்களாம். கடிதங்களில் இருந்து இந்த வீட்டின் தொலைபேசி இலக்கத்தை எடுத்தாராம். தம்பி கோச்சோடு கதைக்க ஆசைப்படுகிறானாம், கட்டிலுக்குப் பக்கத்திலேயே தொலைபேசி இருக்கிறதாம். நீளமான ஒரு இலக்கத்தை ஒவ்வொன்றாகச் சொன்னார். பக்கத்தில் கிடந்த கடைத்துண்டின், சாமான் வாங்கிய பில்லின், பின்பக்கத்தில் எழுதினேன். எல்லாவற்றுக்கும் “யேஸ், யேஸ்” என்றேன்.

“அவரிட்ட இண்டைக்கே சொல்லுவீங்கள்தானே?” இப்படித்தான் அந்த அக்கா கேட்டது எங்கள் பாஷையில் என் காதுக்குள் இன்னும் இருக்கிறது.

“யேஸ்,” என்றேன்.

வைத்துவிட்டுத் திரும்பினேன். அறைக்கதவு பாதி திறந்திருந்தது. காலுறை போட்ட அவருடைய பாதங்கள் தெரிந்தன.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வருத்தக்காரருக்குச் சாவுச் செய்தி சொல்லமாட்டோம். சுகமாயிருக்கிறவருக்கே உடனே சொல்லமாட்டோம். ஆள் செத்து முடிந்திருக்கும், ஆனால் தொலைபேசியில் “கொஞ்சம் சுகமில்லை” என்போம். அடுத்தநாள் “கடுமையாம்” என்போம். கேட்பவர் தானாகவே விளங்கிக்கொள்ளட்டும் என்று படிப்படியாக விடுவோம். மாரடைப்பு வந்து எழும்பிய மனிதருக்கு இந்தச் செய்தியை எப்படிச் சொல்வது? சொல்லி அவருக்கு ஏதும் நடந்துவிட்டால்?

இப்படித்தான் யோசித்தேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் முதலில் வந்த யோசனை அதுவல்ல. முதலில் வந்தது, இதை எந்தப் பாஷையில் சொல்வேன் என்பதுதான். சொன்னால் எனக்கு இங்கிலிஷ் விளங்கும் என்று தெரிந்துவிடும். இரண்டு வருடமாக எனக்கு விளங்காதென்று நினைத்து அவரும் மகளும் என் முன்னாலேயே எத்தனையோ கதைத்திருக்கிறார்கள். சண்டை பிடித்திருக்கிறார்கள். முதியோர் இல்லத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று மகள் அழுதிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று தூசி தட்டினேன். அவ்வளவையும் கேட்டவள் நான் என்று தெரிந்தபிறகு அந்த வீட்டில் எந்த முகத்தோடு நிற்பது? வழக்கம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

மூன்று மணிக்கு எழும்பி வந்தார். தொலைபேசி அடித்ததா என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, பிழையான இலக்கம், என்றேன். டொச்சில் இவ்வளவும் எனக்குச் சுத்தமாக வரும்.

கடைத்துண்டு என் கைப்பைக்குள் இருந்தது. மகள் வரும்வரை நின்றிருக்கலாம். ஐந்து மணிக்கே வெளிக்கிட்டுவிட்டேன்.

என் மனுசன் ஒரு ரெஸ்ரோரன்ற் குசினியில் பாத்திரம் கழுவினவர். மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் இடையில் மூன்று மணித்தியாலம் வீட்டுக்கு வந்து காலை நீட்டிப் படுப்பார். புதன்கிழமை அந்த நேரம் பார்த்து அவருக்குச் சொன்னேன். கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“நீ கிழவனுக்கு என்ன சொன்னனி?”

“ஒண்டும் சொல்லேல்லை.”

“நல்ல வேலை செய்தாய். வருத்தக்காரனுக்கு உந்தக் கதையெல்லாம் சொல்லுறதே? கிழவன் பொக்கெண்டு போனால் ஆரைப் பிடிப்பினம்? தமிழ் மனிசி என்னவோ சொன்னவ, ஆள் விழுந்திட்டார் எண்டுவினம். பிறகு விசா பெர்மிற்றையும் தூக்கிக்கொண்டு நீதான் பொலிசடியிலை நிக்கவேணும்.”

“அங்கை ஒருத்தன் சாகக் கிடக்கிறானப்பா. பாத்துக்கொண்டிருப்பான்.”

“இருக்கட்டும். முப்பது வருசமா ஒரு காயிதம் போடாதவனுக்கு இப்ப என்ன அவசரம்?”

எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. “என்ரை அம்மா செத்ததையும் நீங்கள் எட்டு நாள் ஒளிச்சனீங்கள்தானே,” என்றேன்.

“ஒளிச்சபடியால்தான் எட்டு நாளும் சாப்பிட்டனி,” என்றார். சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அது உண்மை. அந்த எட்டு நாளில் நான் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போயிருந்தேன். சிவப்புச் சீலை கட்டி, கேக் சாப்பிட்டு, படத்துக்கும் நின்றேன். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் படத்தை இன்றுவரை என்னால் பார்க்க முடியாது. அப்படி இருந்தும், அவர் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்வோம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை போனபோது வாசலில் மகளின் சப்பாத்து இருந்தது. அவர் அந்த நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. கோச் வெளியே பல்கனியில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். மகள் என்னைக் குசினிக்குள் கூப்பிட்டு, அந்தப் பொடியன் நேற்று இறந்துவிட்டான் என்றார். அக்காக்காரி விடியற்காலையில் தொலைபேசி எடுத்துச் சொன்னாராம்.

“அப்பாவுக்கு?” என்று மட்டும் கேட்டேன்.

காலையிலேயே சொல்லிவிட்டாராம். முன்னால் இருந்து, கையைப் பிடித்து, ஒரே வசனத்தில். அவர் விழவில்லை. நெஞ்சைப் பொத்தவில்லை. சப்பாத்தைக் கொண்டுவரச் சொல்லி, ஏரிக்கரைவரை நடந்து போய்த் திரும்பி வந்தாராம்.

பிறகு மகள் சொன்னார், செவ்வாய்க்கிழமையும் அந்த அக்கா இங்கே எடுத்திருக்கிறார், யாரோ ஒரு பெண் இலக்கத்தை வாங்கியதாகச் சொல்கிறார் என்று. தம்பிக்காரன் இரண்டு நாளும் தொலைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு கிடந்தானாம். என்ன சொல்ல ஆசைப்பட்டான் என்று அக்காவுக்கும் தெரியாது. அவனுக்குள்ளேயே போய்விட்டது.

அன்றைக்குத் தொலைபேசியில் கதைத்தது நீங்களா, என்று கேட்டார்.

ஒரு பெண் கதைத்தார், இங்கிலிஷ், எனக்கு விளங்கவில்லை, என்றேன்.

மகள் என் தோளைத் தடவினார். பிழை தன்னுடையது, பதிவு செய்யும் மெசினைப் போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும் என்றார். நான் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டி, அந்தக் கடைத்துண்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்துப் போட்டுத் தண்ணீர் திறந்தேன். ஒரு துண்டு போகாமல் சுற்றிக்கொண்டே நின்றது. இரண்டாம்முறையும் திறந்தேன்.

அடுத்த செவ்வாய், மகள் வேலைக்குப் போயிருந்தார். நான் மினுக்கும் மேசையை விரிக்கப் போக, கோச் வேண்டாம் என்று கை காட்டினார். சாப்பாட்டு மேசையில் ஒரு புதுக் கொப்பியும் சீவின பென்சிலும் இருந்தன. இரண்டு வருடமாக ஒரு சொல் இங்கிலிஷ் கூட உனக்குப் பழக்கவில்லை, நான் என்ன கோச், என்றார். பிழை உன்னுடையதில்லை, என்னுடையது, என்றார். இனி நானில்லாத நேரம் தொலைபேசி வந்தால் நீ செய்தி வாங்க வேண்டும், என்றார்.

அப்படித்தான் அந்தப் பாடம் தொடங்கியது. ஒரு பெரிய மரக்கரண்டியைக் காதில் வைத்துக்கொண்டு அவர் “ரிங், ரிங்” என்பார். நான் இன்னொரு கரண்டியை எடுத்து, வணக்கம், யார் கதைக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று இங்கிலிஷில் சொல்ல வேண்டும். ஒருநாள் வங்கி மனேஜராக வருவார், ஒருநாள் பல் டொக்டராக வருவார். மூக்கைப் பிடித்துக்கொண்டு தடிமன் பிடித்தவர் மாதிரிக் கதைப்பார். நான் வேண்டுமென்றே பிழை விட்டேன். தெரிந்த சொல்லை விழுங்கினேன். மூன்றையும் எட்டையும் மாற்றி எழுதினேன். அவர் அலுக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லித்தந்தார். சரியாகச் சொன்னால் கோணல் விரல்களால் மேசையைத் தட்டி மகிழ்வார். நெஞ்சு வருத்தக்காரர், அந்த அரை மணித்தியாலத்தில் வியர்த்துப் போவார்.

அந்தச் செய்தியைச் சொல்லாமல் விட்டதைவிட, அந்த மூன்று கிழமை அவர் முன்னால் ஒன்றும் தெரியாதவளாக இருந்து நடித்ததுதான் இப்போது நினைத்தாலும் என்னைக் கூனிக்குறுக வைக்கிறது.

மூன்றாம் கிழமை செவ்வாய். அன்றைக்கு விடியவே வேறொரு வீட்டில் வேலை முடித்துவிட்டு வந்திருந்தேன். களைப்பு. கோச் கரண்டியை எடுத்து, தான் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து எடுப்பதாகத் தொடங்கினார். பகிடிக்குத்தான். கோச்சுக்கு ஒரு செய்தி, இந்த இலக்கத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, நீளமான ஒரு இலக்கத்தை விறுவிறென்று சொன்னார். நான் எழுதினேன். ஒன்றையும் திருப்பிக் கேட்கவில்லை. எழுதி முடித்து, “அவரிடம் சொல்லுகிறேன்” என்றும் இங்கிலிஷில் சொன்னேன். அந்த வசனத்தை அவர் இன்னும் எனக்குப் பழக்கியிருக்கவில்லை.

கொப்பியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். இலக்கமெல்லாம் சரி. பிறகு என் முகத்தைப் பார்த்தார். எத்தனை பொடியளின் முகத்தைப் பார்த்து, எவனுக்கு நோகிறது, எவன் மறைக்கிறான் என்று கண்டுபிடித்த மனிதர். கரண்டியை மெல்ல மேசையில் வைத்தார்.

“அண்டைக்கும் எழுதினனியோ?” இதை டொச்சில் கேட்கவில்லை. இங்கிலிஷில் கேட்டார்.

“ஓம்,” என்றேன். தமிழில்தான் வந்தது.

ஏன் என்று கேட்டார். தெரிந்த டொச்சையும் இங்கிலிஷையும் கலந்து, நீங்கள் வருத்தம், நெஞ்சு, எங்கள் ஊரில் வருத்தக்காரருக்குச் சொல்வதில்லை என்றேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அது மட்டும்தானா என்றார். இல்லை என்று தலையாட்டினேன். வெட்கம் என்பதற்கு எனக்கு எந்தப் பாஷையிலும் சொல் வரவில்லை. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக் காட்டினேன். காட்டப் போனது, அப்படியே அழுகையாகிவிட்டது.

அவர் என்னை ஆற்றவில்லை. மன்னியுங்கோ என்று கேட்டேன். “பொறு. அதை இப்ப கேளாதை,” என்ற மாதிரி ஒரு கையைத் தூக்கினார். மகளுக்குத் தான் சொல்லப்போவதில்லை, வெள்ளிக்கிழமை அவள் நேரத்தோடு வருவாள், நீயே சொல், என்றார்.

வெள்ளிக்கிழமை காலை, இண்டைக்குப் போய் மகளிடம் சொல்லப்போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். மனுசன், உனக்கு விசரோ, அவங்களுக்குத்தான் ஒண்டும் தெரியாதே, பேசாமல் இரு என்றார். பஸ்ஸில் நாலு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனேன். குசினியில், மகள் சப்பாத்துக்கூடக் கழற்ற முன்னம், இங்கிலிஷில் சொன்னேன். எனக்கு இங்கிலிஷ் விளங்கும். அன்றைக்கு நான் இலக்கத்தை எழுதினேன். உங்கள் அப்பாவிடம் சொல்லவில்லை. உங்களிடம் பொய் சொன்னேன்.

என் வாயிலிருந்து இங்கிலிஷ் வந்ததில்தான் முதலில் அவருடைய முகம் மாறியது. பிறகுதான் மற்றது ஒவ்வொன்றாக அவருக்குள் இறங்கியது. தகப்பனின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

நான் வெளியே படியில் போய் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு குசினியிலேயே நின்றேன். தகப்பன் தனக்கு முன்னமே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும், மகளின் குரல் உயர்ந்தது. உங்களுக்குத் தெரிந்தும் அவளை வீட்டுக்குள் விட்டீர்களா, அப்பா? முப்பது வருடம் காத்திருந்ததை அவள் உங்களிடமிருந்து பறித்துவிட்டாளே?

பிறகு கோச் கதைத்தார். மெல்லத்தான் கதைத்தார். அவர் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியது:

ஆட்டம் நடந்த அன்று காலை டொக்டர் அவனை இறக்கக்கூடாது என்று சொன்னார். என்னிடம்தான் சொன்னார், அவனிடம் இல்லை. டொக்டர் என்ன சொன்னார் கோச் என்று அவன் வந்து கேட்டான். ஒன்றுமில்லை, நீ சுகமாய் இருக்கிறாய் என்றேன். முப்பது கடிதம் எழுதினேன். ஒன்றிலும் அதை எழுதவில்லை. அவன் தொலைபேசி எடுத்தால் சொல்லலாம் என்று இருந்தேன். உன் அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை. வேலைக்கு வருகிற இந்த மனிசி மூன்று கிழமையில் வந்து உன் முன்னால் நின்று சொல்லியிருக்கிறாள்.

ஈரத்துணியிலிருந்து தண்ணீர் என் காலில் சொட்டிக்கொண்டிருந்தது. அதுவரை நான் நினைத்திருந்தது, ஒரு வயதான மனிதருக்குக் கிடைக்கவிருந்த மன்னிப்பைக் கெடுத்துவிட்டேன் என்று. இது வேறு. தன்னுடைய கால் தன்னை ஏமாற்றிவிட்டது என்று முப்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்த ஒருவன், உண்மையைக் கேட்கக் கிடைத்த கடைசி இரண்டு நாளையும் என்னால் இழந்தான். அவனை நான் ஒரு படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மகள் வெளியே வந்தார். எனக்கு எல்லாம் கேட்டிருக்கும் என்று அவருக்கு இப்போது தெரியும். எனக்கும் அது தெரியும். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து ஒரு கிளாஸ் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பத் தகப்பனிடம் போனார். நான் மிச்ச உடுப்பை மினுக்கிவிட்டு ஐந்து மணிக்கு வெளிக்கிட்டேன். இனி வரவேண்டாம் என்று சொல்வார் என்று வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தேன். யாரும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை பயந்து பயந்து போனேன். மேசையில் கொப்பி இல்லை. கோச் சேட் போட்டு, தலை வாரி இழுத்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். பக்கத்தில் இன்னொரு கதிரை.

“இரு,” என்றார்.

இருந்தேன். அந்த அக்காவுக்கு எடுத்தார். தன் பெயரைச் சொன்னார். பிறகு அந்தக் காலைநேரத்தை, டொக்டரை, பொடியன் கேட்டதை, தான் சொன்னதை எல்லாம் சொன்னார். ஒரு இடத்திலும் சாட்டுச் சொல்லவில்லை. நடுவில் இரண்டுதரம் மூச்சு வாங்க நிறுத்தினார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கனநேரம் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிடையே “யேஸ்” என்றார், “யேஸ், மேடம்” என்றார். கழுத்து நரம்பு துடித்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில், உங்களோடு கதைக்க இங்கே ஒரு மனிசி இருக்கிறா என்று அந்த அக்காவிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

எனக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். சொற்களும் தெரியும். மகளிடம் சொன்ன அதே வசனங்கள்தான், மாற்றிச் சொன்னால் சரி. கையை மடியிலிருந்து எடுக்க முடியவில்லை. மாட்டேன் என்று தலையாட்டினேன்.

அவர் உடனே கையைப் பின்னால் எடுத்துவிடவில்லை. அந்தக் கோணல் விரல்களால் அதைப் பிடித்து, இன்னும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தார். அதற்குள்ளிருந்து “ஹலோ? ஹலோ?” என்று அந்த அக்காவின் குரல் கேட்டது. நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் அதைத் தன் காதிலேயே வைத்து, எனக்காக அந்த அக்காவிடம் சொன்னார்:

“அவ கொஞ்சம் கூச்சக்காரி.”